உன் வலது காதுக்கு மட்டும் சொன்னது

கண்ணு,

போன புதன்கிழமை நீ போன் செய்தபோது நான் அடுப்பில் ரசம் வைத்திருந்தேன். "அம்மா, ரெண்டே நிமிஷம், ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணணும்" என்றாய். குழந்தை பெற்றுக்கொள்வதற்கு முன்னால் நீயும் ப்ரீத்தியும் மரபணு டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாய். குடும்பத்தில் வேறு யாருக்காவது பிறவியிலேயே காதில் குறை உண்டா என்று ஒரு கேள்வி. பதிலையும் நீயே சொல்லிக்கொண்டாய்: "அப்பாவோட சித்தப்பா, யெஸ்னு போட்டுடறேன்." நான் "ம்" என்றேன். அடுத்தது, "நான் வயித்துல இருந்தப்ப நீ ஏதாவது மாத்திரை, கெமிக்கல், எக்ஸ்ரே, அந்த மாதிரி..." நீ முடிப்பதற்குள் "ஒண்ணுமில்லடா" என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா, அப்ப இது நம்ம ஃபேமிலில ஓடுறதுதான். அப்படின்னா குழந்தையே வேணாம்னு இருக்கேன். ப்ரீத்திக்கு இஷ்டமில்ல. ஆனா நான் ஸ்கூல்ல பட்டதை இன்னொண்ணு படணுமா, சொல்லு" என்றாய். வண்டியை சர்வீசுக்கு விடுவதைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தேபோய்விட்டது.

நீ எழுதிய அந்த இரண்டு பதில்களும் தப்பு. ஒன்றை நான் திருத்தாமல் விட்டேன், இன்னொன்றை நானே பொய்யாகச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ப்ரீத்தியும் படிக்கட்டும். நான் வேலை பார்த்தது மாதிரி ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேருகிற பெண்கள் யாராவது படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். நான் இருக்கும் காக்ஸ் டவுனும் நீ இருக்கும் ஹெப்பகோடியும் ஒரே ஊரின் இரண்டு முனைதான், ஆனால் அந்த டிராஃபிக்கில் நீ மாதம் ஒருமுறை வந்துபோவதற்கே எனக்கு உன்மேல் பாவமாக இருக்கிறது. வந்தால் நாலு மணி நேரம் இருப்பாய், அதில் ஒரு மணி நேரம் போனில் ஆபீஸ். நீ கிளம்பிய பிறகு உன் நாற்காலியை நகர்த்தாமல் அப்படியே விட்டுவைப்பேன். உன் இடது பக்கம் என் நாற்காலி, எப்போதும் போல. பேருந்தில், கோவிலில், உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்று எங்கே உட்கார்ந்தாலும் நான் உன் இடது பக்கம்தான். கேட்கிற காது அந்தப் பக்கம் என்பதால் இது நம் வீட்டில் எழுதாத சட்டம். தனியாகச் சாப்பிடும்போதுகூட இப்போது நான் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறேன். வலது பக்கம் உட்கார்ந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால் "அம்மா லேப்ல இருந்தாங்க" என்று சொல்வாய். சின்ன வயதில் "எங்கம்மா முட்டை உடைக்கிற வேலை" என்று டீச்சரிடம் சொல்லி, அவர்கள் என்னை பேக்கரியில் வேலை செய்பவள் என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆய்வகத்துக்குக் கோழிப் பண்ணையிலிருந்து கருவுள்ள முட்டைகள் வரும். அவற்றை வெதுவெதுப்பான பெட்டியில் அடுக்குவேன். மூன்றாம் நாள் ஓட்டில் சிறிய ஜன்னல் மாதிரி வெட்டித் திறந்தால், மஞ்சள் கருவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் குஞ்சின் இதயம். எத்தனை முட்டை திறந்தாலும் அந்தப் புள்ளியைப் பார்க்கும்போது என் கை ஒரு நொடி நின்றுதான் போகும். பிறகு ஜன்னலை டேப் ஒட்டி மூடி, மறுபடி பெட்டியில் வைப்பேன்.

எங்கள் ஆய்வகத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். அவர் ஆராய்ந்தது ஒரு புரதத்தை. அதற்கு உட்கரு ஏற்பி என்று பெயர். நாம் சாப்பிடும் வைட்டமின் ஏ-யிலிருந்து உடம்பு தானாகவே ஒரு அமிலத்தைத் தயாரித்துக்கொள்கிறது. அந்த அமிலம் செல்லுக்குள் புகுந்து, அதன் நடுவில் இருக்கும் உட்கருவரைக்கும் போகும். அங்கே இந்தப் புரதம் டி.என்.ஏ-வின் மேல் உட்கார்ந்து அதற்காகவே காத்திருக்கும். சும்மா காத்திருக்காது, தான் உட்கார்ந்த இடத்தில் இருக்கும் மரபணுவை எழவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அமிலம் வந்து சேர்ந்ததும் பிடியை விடும், மரபணு வேலையைத் தொடங்கும். கை எங்கே முளைக்க வேண்டும், எந்த விரல் எந்தப் பக்கம், தாடை எது, காது எது என்பதெல்லாம் இப்படித்தான் முடிவாகிறது. "இது ஒத்தையா வேலையே செய்யாது, இன்னொரு புரோட்டீனோட ஜோடியாத்தான் உக்காரும், நீயும் உங்க வீட்டுக்காரரும் மாதிரி" என்று மேடம் என்னைக் கேலி செய்வார். அவர் கன்னடக்காரர், ஆனால் எங்களோடு பேசிப் பேசித் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அமிலம் கொஞ்சமும் இல்லாவிட்டால் குஞ்சு உருவாகாது. ஆனால் வேண்டாத இடத்தில், வேண்டாத நேரத்தில் கூடுதலாக வந்தாலும் இந்தப் புரதத்துக்கு அது தெரியாது. வந்தது வந்துவிட்டது என்று மரபணுவை எழுப்பிவிடும். அமிலத்தில் ஊறவைத்த ஒரு மணியை, அது கடுகில் பாதிகூட இருக்காது, குஞ்சின் சிறகு முளைக்கும் இடத்தில் வைப்போம். மூன்று விரல் இருக்க வேண்டிய சிறகில் ஆறு விரல் வரும், கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரும் புதிருமாக. தலைப்பக்கம் அதிகமாகப் போனால் தாடையும் காதும் சரியாக அமையாது. இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தேன், என் கையால் செய்தேன். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை, அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே மேடம் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "நோடம்மா, இங்க பாரு, இது மட்டும் ஞாபகம் வச்சுக்க. குழந்தைக்கு பிளான் பண்றதுன்னாகூட முதல்ல எனக்குச் சொல்லிடணும். உன்னை வேற வேலைக்கு மாத்திடுவேன், சம்பளத்துல ஒரு குறையும் இருக்காது. ஒரே ஒரு வார்த்தை போதும்." நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

உனக்கு முன்னால் எனக்கு ஒன்று கலைந்தது, அது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அப்போது நாள் தள்ளிப்போன பத்தாம் நாளே நாங்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். உன் அப்பா தான் வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார். கோவிலில் எல்லோரும் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். இரண்டாம் மாதம் அது கலைந்துபோனது. வாழ்த்திய அதே ஆட்கள் அதே கையைப் பிடித்து அழ வந்தார்கள். ஒருத்தி, "யார் கண்ணு பட்டுச்சோ, மூணு மாசம் முடியறதுக்கு முன்னாடி யாராவது வாயைத் திறப்பாங்களா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்குக் கண்ணேறில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நீ வந்திருக்கிறாய் என்று தெரிந்ததும் நானும் அப்பாவும் சத்தியம் செய்துகொண்டோம், மூன்று மாதம் முடியும்வரை ஒருத்தருக்கும் சொல்வதில்லை என்று. அந்த ஒருத்தரில் மேடமும் அடக்கம்.

எந்த மூன்று மாதத்தில் எல்லா உறுப்பும் அமைகிறது என்று தினமும் முட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தவள், அதே மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். படித்தவள், விஷயம் தெரிந்தவள். அப்பாவுக்கு அந்த அமிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கையைப் பிடித்து மேடமிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார். கையுறையை இரட்டையாகப் போட்டுக்கொள்ளலாம், முகமூடி கட்டிக்கொள்ளலாம், மூன்று மாதம் முடிய இன்னும் ஆறு வாரம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த அமிலம் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் இருட்டறையில், மங்கலான ஒரு சிவப்பு விளக்கின் கீழ்தான் எடை போட்டுக் கரைக்க வேண்டும். ஒரு நாள் காலை குப்பி கைநழுவி மேஜையில் விழுந்தது. உடையவில்லை, ஆனால் கரைசல் தெறித்துக் கையுறை முடிகிற இடத்தில், மணிக்கட்டின் உள்பக்கம் பட்டது. ஓடிப்போய்க் கழுவினேன். அமிலத்தைக் கரைக்க நாங்கள் பயன்படுத்திய திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. தோலில் பட்டால் நிற்காது, உள்ளே இறங்கிவிடும், தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். இறங்கியதற்கு அடையாளமாகக் கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டு வாசம் வரும். நான் குழாயடியில் கையைப் பிடித்தபடி, வரக்கூடாது வரக்கூடாது என்று ஜெபித்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டது. பச்சைப் பூண்டைக் கடித்த மாதிரி வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பா, "என்னடி, பூண்டு வாசனை அடிக்குது?" என்றார். "கேன்டீன்ல சட்னி" என்றேன். போன மாதம் ப்ரீத்தி என்னிடம், "ஏன் அத்தை, நீங்க ரசத்துல பூண்டே போடமாட்டேங்கறீங்க? அவரும் வேணாம்கறார்" என்று கேட்டாள் அல்லவா? எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் தப்பித்தேன். ஒத்துக்கொள்ளாமல் போன கதை இதுதான். நீ பூண்டு பிடிக்காதவனாக வளர்ந்ததற்கும் வேறு காரணம் இல்லை, அவள் உனக்குத் தாராளமாகப் போட்டுக் கொடுக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து, சத்தியம் எப்படியும் போகட்டும் என்று மேடம் அறை வாசல்வரை போனேன். அவர் போனில் இருந்தார், இரு என்று கையைக் காட்டினார். நின்றிருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன். மூன்று மாதம் முடிந்தபோது பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அவர் அதை வாயில் போடவில்லை. விரல் விட்டு எண்ணினார். "அப்ப நீ இருட்டறைல வேலை பார்த்தது?" என்று கேட்டார். "இல்ல மேடம், அதெல்லாம் அதுக்கு முன்னாடி" என்றேன். நீ பிறந்ததும் பார்க்க வந்தார். உன் வலது காது ஒரு சின்ன மொட்டுப் போலச் சுருண்டு, துளையே இல்லாமல் இருந்தது. அவர் உன்னை வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஆஸ்பத்திரியில் உன்னைக் கையில் வாங்கியதும் அவர், "எங்க சித்தப்பா காது கேக்காம இருந்தாரே, அதான் வந்திருக்கு. எங்க வீட்டு ரத்தம்" என்றார். அந்த சித்தப்பாவுக்கு ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து கேட்கும் சக்தி போனது. அவர் காது பார்ப்பதற்கு உன் அப்பாவுடையதைப் போலவே நன்றாகத்தான் இருந்தது. இதை என் மாமியாரே ஒருமுறை பேச்சுவாக்கில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிஷமே அது முடிந்திருக்கும். திறக்கவில்லை. அவர் என் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, "என்னை மன்னிச்சிடு" என்று அழுதார். நான் அவர் தலையைத் தடவி, "பரவாயில்லைங்க" என்றேன். நான் செய்ததற்கு அவரை நான் மன்னித்தேன், கண்ணு! கேட்கிறவர்களிடம் எல்லாம் "என் பக்கத்துக் குறை" என்று சொல்லிச் சொல்லியே, மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று கல்லறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலம் கடந்து சொல்வதில் ஒரு புண்ணியமும் இல்லை என்று அங்கே நிற்கும்போதே தெரிந்தது.

உனக்கு நான் சொல்லாமலே இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. பலமுறை சொல்லியிருக்கிறேன், எல்லாம் உன் வலது பக்கத்தில். பேருந்தில் கூட்டமாக இருந்து உன் இடது பக்கம் யாராவது உட்கார்ந்துவிட்டால், வலது பக்கம் நின்று அந்தச் சின்னக் காதருகில் குனிந்து மெல்லச் சொல்வேன். பள்ளியில் பையன்கள் "கிவுடா, கிவுடா" என்று கன்னடத்தில் செவிடன் பட்டம் கட்டி, நீ முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டு வந்த நாள்களில் தினமும் சொன்னேன். பத்தாம் வகுப்பில் ஒருநாள் நீயே சலூனுக்குப் போய் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, "பாத்தா பாத்துக்கட்டும்மா" என்று நின்றாயே, அன்றைக்கு உன்னை நினைத்துப் பெருமையில் அழுதேன், அழுதபடி அந்தப் பக்கம் வந்து மறுபடி சொன்னேன். உன் கல்யாணத்தில் போட்டோ எடுப்பவன் என்னை உன் வலது பக்கம் நிறுத்திவிட்டான். நான் சொன்னேன். நீ சட்டென்று திரும்பி, "என்னம்மா?" என்றாய். "காலர் சரியா இல்லடா" என்று காலரைச் சரிசெய்தேன். அந்தப் படம்தான் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

அந்தச் சில துளிகளால்தான் உன் காது இப்படி ஆனதா? எனக்குத் தெரியாது. இது நான் நழுவுவதற்காகச் சொல்வதல்ல. தோல் வழியாகப் போன அந்த அளவு ஒன்றுமே செய்யாமலும் போயிருக்கலாம். ஆய்வகத்தின் வாசலைக்கூட மிதிக்காத எத்தனையோ தாய்மார்களுக்கும் இப்படிக் குழந்தை பிறக்கிறது, காரணம் யாருக்கும் தெரிவதில்லை. முட்டைக்குள் என்றால் ஜன்னல் வெட்டிப் பார்த்திருப்பேன். உன்னை எங்கே பார்க்க? ஆனால் டாக்டர் முடிவு சொல்ல வேண்டியது உண்மையை வைத்து. இல்லாத ஒரு பரம்பரைக் குறையை நம்பி, பிறக்க வேண்டிய ஒரு பிள்ளையை நீ வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. எல்லாம் தெரிந்த பிறகும் வேண்டாம் என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்தால், பேரப்பிள்ளை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

ப்ரீத்திக்கும் ஒன்று. இதைப் படித்துவிட்டு அவள் காரட்டைக் கண்டு பயப்பட வேண்டாம், காரட் அல்வாவை வழக்கம்போல எனக்கும் கொடுத்தனுப்பட்டும். ஆனால் முகப்பருவுக்கு மாத்திரையோ, வைட்டமின் ஏ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் ஒன்று வந்தால் உலகத்துக்கு எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள், மூன்று மாதம் என்ன, ஒன்பது மாதம் கழித்துக்கூடச் சொல்லுங்கள். தெரிய வேண்டியவருக்கு மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அந்தப் படிவம் இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? இரண்டு இடத்தில் அடித்துவிட்டு எழுது. அப்பாவின் சித்தப்பா: பிறவிக் குறை இல்லை. கர்ப்ப காலத்தில் ரசாயனம்: ஆம். என்ன ரசாயனம், எத்தனையாவது வாரம், எவ்வளவு என்று டாக்டர் கேட்பார். நான் கூடவே வந்து என் வாயால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் கிளம்பி அங்கே வருகிறேன். உனக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும், கதவை மட்டும் திறந்துவிடு. உன்னைப் பார்க்காமல் என்னால் இன்னொரு வாரம் இருக்க முடியாது. உன் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்கப் பிடிக்காமல் நீ வலது பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. நான் எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கம் உட்காருவேன்.

உன் அம்மா